ஈரம் காயட்டும்

தனலட்சுமி வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, சேமிப்போடு நகையையும் போட்டு அதே பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கினாள். தரகர் அம்பலவாணன் வீட்டைக் காட்டக் கூப்பிட்டது நல்ல வெயில் நாளில்.

"வெயில்ல எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும். மழை பெய்யட்டும் அண்ணாச்சி, வந்து பாக்கேன்" என்றாள்.

ஐப்பசி அடைமழையில் குடையோடு போய், அறை அறையாக அண்ணாந்து பார்த்தாள். ஒழுகிய இரண்டு இடங்களைக் காட்டி விலையைக் குறைத்தாள். தரகருக்கு எரிச்சல்தான். ஆனால் பத்திரப்பதிவு அன்று காப்பி வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

வீட்டில் மூன்று குடித்தனம். ஒன்றில் அவள். இன்னொன்றில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பஞ்சு சாரும் காமாக்ஷி மாமியும். மூன்றாவதில் எலக்ட்ரீசியன் இசக்கியும் அவன் மனைவி முத்துராணியும். பக்கத்துத் தெருவைவிட வாடகை குறைவு. ஆள் மாறி மாறிப் போய் வீடு பூட்டிக் கிடப்பதுதான் பெரிய நஷ்டம் என்பாள். மாமியின் வத்தக்குழம்பும் ஒரு காரணம் என்பதை வெளியே சொல்ல மாட்டாள்.

2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எல்லோரும் மொட்டைமாடியில் கிடந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அவள் அண்ணன் மகன் செந்தில்முருகன் வந்தான். வீடு கட்டிக்கொடுக்கும் தொழில் அவனுக்கு. சேற்றில் நின்றபடியே சொன்னான்:

"இடிச்சிருவோம் அத்த. லோன் போட்டு மூணு மாடி எடுத்தா வாடகை நல்லா வரும்."

"லோனை யாருலே கட்டுவா? முதல்ல சுவரைப் பாரு. விரிசல் இருக்கா, அஸ்திவாரம் இறங்கியிருக்கா, அதைச் சொல்லு."

அவன் சுத்தியலால் தட்டித் தட்டி, வீட்டைச் சுற்றி வந்தான். அரை நாள் ஆயிற்று. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "சுவர் கல்லு மாதிரி இருக்கு அத்த. பூச்சுதான் போச்சு" என்றான். கைக்கு வரவிருந்த வேலையைத் தானே கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னதற்காக அவனுக்கு அன்று மீன்குழம்பு கிடைத்தது.

இடுப்பளவு வரை பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். ஊறி உப்பிய தேக்குக் கதவுகளைக் கழற்றி நிழலில் காயவைத்தார்கள். சுவிட்சுகளையெல்லாம் நெஞ்சுயரத்துக்கு மேலே ஏற்றினான் இசக்கி. கூலிக்குப் பதில் இரண்டு மாத வாடகையைக் கழித்தாள். மாமி வீட்டுக்கும் பாதி வாடகைதான்.

பொங்கலுக்கு முன்பே தெருவில் பாதி வீடு பூசி, வண்ணமும் அடித்தாயிற்று. இவள் வீடு மட்டும் செங்கல் தெரிய நின்றது. ஏன் இன்னும் பூசவில்லை என்று கடையில் உடன் வேலை பார்க்கிறவர்கள்கூடக் கேட்டார்கள். ஒருநாள் மத்தியானம் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் பிடிவாதத்துல உங்களையும் கஷ்டப்படுத்துதேனோ மாமி?"

"அசடு. நாங்க காலி பண்றோம்னு சொன்னோமா? ஈரம் காயட்டும், அப்புறம் பூசிக்கலாம். சாருக்கு இந்தச் செங்கல் எத்தனைன்னு எண்ணிண்டு பொழுது போறது."

தனலட்சுமிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மாசியில் அக்கம்பக்கத்துப் புது வண்ணங்கள் கொப்புளம் கொப்புளமாக உரியத் தொடங்கின. உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. பங்குனி வெயில் ஏறி, செங்கல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் செந்தில்முருகன் பூச்சு வேலையைத் தொடங்கினான். கதவுகளை இழைத்ததும் பழைய நிலைச்சட்டங்களிலேயே பொருந்தின. இடித்துக் கட்ட அவன் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

வண்ணம் அடிக்கும் வாரத்தில் மாமிக்கு மஞ்சள்தான் வேண்டும். முத்துராணிக்குப் பச்சை.

"வருசக்கணக்கா பாக்கப்போறது நாங்கதானக்கா" என்றாள் முத்துராணி.

"அவங்கவங்க வாசலுக்கு அவங்கவங்க சொல்லுத கலர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு தனலட்சுமி கடைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பியபோது, அவள் வாசலையும் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டு, வீடே பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக நின்றது. மெல்ல வாயைப் பொத்திக்கொண்டவள், அடக்க முடியாமல் தெருவிலேயே நின்று சிரித்தாள்.