அருளப்பன் கொண்டுவந்த ஜம்போலா

பாமசியில் நிற்கிறவனுக்கு மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்றும் தெரிய வேண்டும். பதுளையில் கொலஸ்ட்ரோல் மாத்திரை பரவலாகப் புழங்கத் தொடங்கிய காலத்தில், இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

வெள்ளிக்கிழமை

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் மாதக் கடைசியில் வருவார். மாத்திரை முடிந்திருக்க வேண்டும். அவரிடம் எப்போதும் நாலைந்து மிஞ்சியிருக்கும். மறந்துவிடுகிறீர்களா என்று கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. மாத்திரை உறையைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார்.

"இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர், தம்பி. வெள்ளிக்கிழமை விரதம், நான் இரவிலை சாப்பிடுறேல்லை."

நல்ல பிள்ளை

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அருளப்பன். முதல் தடவை மாத்திரை வாங்கியபோது, என்ன சாப்பிடலாம் என்று கேட்டார். கடையில் கூட்டம். தேங்காய்ப்பாலைக் குறையுங்கள், மாட்டிறைச்சி வேண்டாம், பழம் நிறையச் சாப்பிடுங்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுமாதம் வந்தவர், தலையளவு ஜம்போலா ஒன்றை, பம்ப்ளிமாஸ் என்கிறார்களே அதை, கவுண்டரில் வைத்தார். அவர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் நிற்கிற மரத்தில் காய்த்ததாம். எனக்கு அந்தப் புளிப்பும் கசப்பும் பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே பழந்தாங்க ஐயா, ஒரு நாளும் தவறல" என்று பழத்தைக் கொடுக்கும்போதே அவர் சொல்லியிருந்தார்.

கால்

மூன்றாம் மாதம் அவருடைய மருமகள் செபமாலை வந்தாள். மாமாவுக்குத் தொடையெல்லாம் வலி, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். இத்தனை வருஷம் விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, மலையேறிய கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று வீட்டில் எல்லோரும் எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். "இப்ப மூத்திரம் பால் ஊத்தாத பிளேன்டி மாதிரி போகுதுங்க" என்றாள்.

என்ன பழம் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். தினமும் ஒரு ஜம்போலா, மாத்திரையோடு. அந்தப் பழம் உடம்பை இந்த மாத்திரையைக் கழிக்க விடாது. ஒன்று விழுங்கினால் பல விழுங்கியதுபோல் இரத்தத்தில் ஏறித் தசையைத் தின்னும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இனி ஒரு மாத்திரையும் கொடுக்காதே, இப்போதே வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றேன்.

இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சில கிழமைகள் கழித்து அருளப்பன் கம்பு ஊன்றி, தானே நடந்து வந்தார். எந்தப் பழம் என்று சொல்லாதது என் பிழைதான், மன்னியுங்கள் என்றேன். அவர் கவுண்டருக்கு மேலாக எட்டி என் கால்களைப் பார்த்தார்.

"அத விடுங்க ஐயா. நான் குடுத்த பழத்த நீங்களுந்தானே தின்னீங்க, ஒங்க காலு எப்பிடி இருக்கு?"

அன்றிலிருந்து யார் பழம் கொண்டுவந்தாலும், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன். அதனாலோ என்னவோ, இப்போது எனக்கு யாரும் பழம் கொண்டுவருவதில்லை.