புலித் தொப்பியோடு கற்பிட்டிக் கோட்டைக்கு

போர் முடிந்து மூன்றாம் வருடம், ஆகஸ்ட் மாதம், தலவில அன்னம்மாள் கோயில் நேர்த்திக்காக இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்திருந்தேன். நேர்த்தி மனைவியுடையது, அலைச்சல் என்னுடையது. வந்ததோடு கற்பிட்டிக் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்று புத்தளத்தில் ஓட்டோ பிடித்தேன். போய்வர ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர், காத்திருப்போடு 3,500 ரூபா. ஓட்டுநர் நியாஸுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வந்த குடும்பம் என்று பாலாவிச் சந்தியில் சொன்னார். அதற்குப் பிறகு கண்ணாடியில் அடிக்கடி என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கற்பிட்டியை நெருங்கும்போது வண்டியை ஓரங்கட்டினார்.

"அண்ணன், தொப்பியில என்ன அது?"

கழற்றிப் பார்த்தேன். பித்தளைப் புலி. கோட்டைக்குள் இருப்பதோ கடற்படை முகாம். வாசலில் ஆளையும் பையையும் சோதிப்பார்கள். அங்கே யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன், தலையில் புலியோடு!

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அது நான் வசிக்கும் ஊரின் பழைய காலாட்படைச் சின்னம். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன், அந்தப் படை இந்தியாவில் நீண்டகாலம் சண்டை பிடித்ததற்காக இங்கிலாந்து ராஜா கொடுத்த அடையாளம். அதனால்தான் புலியோடு 'இந்துஸ்தான்' என்ற எழுத்தும் இருக்கிறது. பழம்பொருள் சந்தையில் வாங்கிக் குத்திக்கொண்டேன். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கே அது மறந்துவிட்டது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"இங்கிலீசு ராசாட கதைய நேவிக்காரனுக்குச் சிங்களத்துல நீங்களா சொல்லப் போறீங்க?" என்றார். சின்னத்தைக் கழற்றித் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் சிப்பாய் என் கடவுச்சீட்டைப் புரட்டினான், பையைக் கிளறினான். பிறகு நியாஸின் சேட்டுப் பையைக் காட்டி ஏதோ கேட்டான். நியாஸ் கைபேசியை மட்டும் வெளியே எடுத்துக் காட்டிச் சிங்களத்தில் எதையோ சொல்ல, சிப்பாய் சிரித்துக்கொண்டே என்னை உள்ளே போகச் சொன்னான்.

கோட்டையைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். ஆனால் உள்ளே எதுவும் மனதில் பதியவில்லை. என் புலியைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் வாசலில் நிற்கிறாரே என்ற ஒரே நினைப்பு. போகிறவர்கள் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கட்டாயம் கொண்டுபோங்கள், படமெடுக்க முன் கேளுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். வெயிலுக்குத் தொப்பி வேண்டும். சின்னம் எதுவும் வேண்டாம்.

திரும்பும் வழியில், "நேவியை நினைச்சு நீங்களும் பயந்திட்டீங்கள் என்ன?" என்று கேட்டேன்.

"நேவிக்கு இல்ல அண்ணன். பாலாவியில இருந்தே உங்கட தொப்பியத்தான் பாத்துட்டு வந்தன். தொண்ணூறுல முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாரையும் ஊர விட்டு வெளிக்கிடச் சொல்லி வந்த இயக்கப் பொடியன்ட சட்டையிலயும் புலிதான். எனக்கு அப்ப பத்து வயசு."

வெட்கமாகிவிட்டது. எந்த நாட்டு ராஜாவின் கதையையோ இந்த மனிதரிடம் அளந்திருக்கிறேன். புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் சின்னத்தை என் கையில் வைத்தார்.

"பிறகேன் தம்பி இதை ஒளிச்சனீங்கள்?"

"உங்கட முகத்தப் பாத்தன். அண்டைக்கு எங்கட வாப்பாட முகமும் இப்பிடித்தான் இருந்திச்சு."