அண்ணன் ஓடிய திசை

எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த அத்தாயி மூன்று கதைத் தொகுப்புகளும் ஒரு தன்வரலாறும் எழுதியவர். சனிக்கிழமைகளில் சோளக்காடு என்ற ஊரில் ஒரு வாடகை அறையில் எழுத்து வகுப்பு நடத்துகிறார். உட்கார்ந்து பாடம் சொல்ல அவருக்கு வராது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே பேசுவார்.

காரவள்ளியிலிருந்து வரும் மாணவி சபீரா, தன் அக்காவைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கேட்டாள்: "மேடம், மிளகு பறிக்கையில அப்பா மரத்திலிருந்து விழுந்தப்போ அண்ணன் பயந்து ஓடிட்டாருன்னு எழுதியிருக்கீங்களே. அவருகிட்டக் கேட்டுட்டா எழுதுனீங்க?"

கேட்கவில்லை. அந்தத் தன்வரலாறு வந்ததிலிருந்து ஒன்பது வருடமாக அண்ணன் பூபதி அவரோடு பேசுவதும் இல்லை. வகுப்பைப் பாதியில் முடித்தார். இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஒரு காலையில் அண்ணனைத் தேடிப் போனார்.

பூபதி மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு எங்க ஓடுனீங்க?"

"ஜீப்பு கூட்டியார ஓடுனேன் கண்ணு. ரோட்டுல நின்னு பார்த்தேன், ஒண்ணும் வரல. திரும்பறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

அத்தாயி அங்கேயே நின்று அழுதார். பூபதி குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் அத்தாயி தன் தவறை அப்படியே சொன்னார். மறுபதிப்புக்காக அந்த அத்தியாயத்தை நான்கு முறை மாற்றி எழுதி, ஒவ்வொரு முறையும் அண்ணனிடம் வாசித்துக் காட்டினார்.

நான்காவதைக் கேட்டுவிட்டு, "நான் ரோட்டுல நின்ன நேரம் இதைவிட நீளம் கண்ணு" என்றார் பூபதி.

அத்தாயி ஐந்தாவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறார்.