மடைக்கு முளைத்த கொம்பு

கோச்சடையைத் தாண்டி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போகிற வழியில், ரோட்டை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் வருகிற கண்மாயில் படகுத்துறை கட்டினார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் கண்மாய் ஐப்பசியில் நிறையத் தொடங்கும். மாசியில் சேறாகும். பங்குனி முடிவதற்குள் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், ஆடு மேயும். வைகையிலேயே வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலைப் பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில், கண்மாயில் படகு விட்டால் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிவார்கள் என்று யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தோன்றிவிட்டது. பெரிய மனிதருக்குத் தோன்றினால் மற்றவர்களுக்கும் தோன்ற வேண்டும் அல்லவா, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வரிசையாகத் தோன்றிற்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே நான் தமிழ் டைப்பிஸ்ட். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ஒரு கொம்பு கூடினாலும் ஒரு கால் குறைந்தாலும் நோட்டு வாசலுக்குப் பறக்கும். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணாயிற்றே, பிழை இருக்காது என்று நம்பித்தான் என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். நல்ல நம்பிக்கை.

அந்தச் சமயத்தில்தான் 'சுற்றுச்சூழல்' என்கிற வார்த்தை எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில் அதைப் படித்த எங்கள் அதிகாரி, "இது என்னம்மா புதுசா, சூழ்ச்சி மாதிரி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். கரையோரம் எதைக் கட்டினாலும் முதலில் ஓர் ஆய்வுக் குழு போய்ப் பார்க்க வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும் என்பது புது உத்தரவு. படிவத்தில், 'உத்தேசக் கட்டுமானத்தால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு உண்டா?' என்று ஒரு கேள்வி. எதிரே காலியிடம். ஒவ்வொரு முறையும் அந்தக் காலியிடத்தை நிரப்புவது சிரமம் என்று, ஸ்டென்சில் வெட்டும்போதே 'இல்லை' என்று அடித்துவிடச் சொன்னார் அதிகாரி. நூறு பிரதி உருட்டி எடுத்தோம். யாராவது உண்டு என்று சொல்ல விரும்பினால் 'இல்லை'யைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் போட்டு, காரணத்தை மூன்று பிரதி தனியாக இணைக்க வேண்டும். அவ்வளவு வேலையை எந்த அரசு ஊழியனும் தானாகத் தேடிக்கொள்ள மாட்டான்.

குழு சித்திரை மாதம் கண்மாயைப் பார்வையிடப் போனது. தண்ணீரில் கட்டப்போகிற ஒன்றைத் தண்ணீரே இல்லாத மாதத்தில் போய் ஆராய்ந்த மகான்கள் நாங்கள். குறிப்பெடுக்க நானும் போனேன். எங்கள் அதிகாரி, ஒரு பொறியாளர், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற ஓர் ஆசிரியர், படகு விட ஏலம் எடுக்க இருந்த ஒப்பந்தக்காரர், இவர்கள்தான் குழு. படகு விடப் போகிறவரே படகு விடலாமா என்று ஆராய வந்திருப்பதைப் பற்றி யாருக்கும் கூச்சம் இல்லை. வண்டி, சாப்பாடு, நுங்கு எல்லாம் அவர் செலவு. ஜீப்பை நேரே கண்மாய்க்குள்ளேயே இறக்கி நிறுத்தினார்கள்.

தாவரவியல்காரர் ஒரு செடியைக் குனிந்து பார்த்தார், ஒடித்தார், கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அன்று நடந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். பொறியாளர், கரையை ஒட்டி இரண்டு கல் நிற்க, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து நுங்கு சாப்பிட ஆரம்பித்தார். அப்போது கரைக்கு அந்தப் பக்கத்து வயலிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

"சார், நீங்க உக்காந்திருக்கது எங்க மடை" என்றார்.

"எது?" என்றார் பொறியாளர், எழுந்திருக்காமல்.

"அடியில ஓட்டை இருக்கு பாருங்க. இதுவழியாத்தேன் எங்க வயலுக்குத் தண்ணி பாயும். பெரிய மடை அங்கிட்டுக் கடைசியில இருக்கு, அது ஊருக்கு. இது எங்க நாலு வயலுக்கு."

"தண்ணியே காணோமேம்மா?"

"சித்திரையில வந்தா எங்கிட்டுய்யா இருக்கும்? கார்த்திகையில வாங்க. உங்க ஜீப்பு நிக்கிற எடத்துல ஆளு முங்கிப் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரிக்கு வரவில்லை. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலமாகக் கொடு என்று சொல்லிவிட்டு அடுத்த நுங்கை எடுத்தார்.

அந்த அக்கா எழுதிக் கொண்டுவந்தே விட்டார். மறு வாரம், பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்து, யார் யாரோ துரத்திக் கடைசியில் என் மேசைக்கு வந்து நின்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பென்சிலால், தன் கையாலேயே, நோட்டுத் தாளில் நான்கு பக்கம். வீட்டுக்காரர் பஞ்சு மில்லுக்குப் போகிறவர். வயல் ஒன்றேகால் ஏக்கர், அம்மா வீட்டுச் சீராக வந்தது. வருஷத்துக்கு ஒரு போகம் நெல், அதற்குத் தண்ணீர் அந்தச் சின்ன மடையை விட்டால் வேறு இல்லை. படகுத்துறையை இருபது அடி தள்ளிக் கட்டிக்கொண்டால் போதும், தனக்குப் படகு மேல் ஒரு விரோதமும் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

"படிச்சுப் பாத்து நல்லாக் கொட்டிக் குடு தாயி. உன் கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். டைப் அடிப்பதைக் கொட்டுவது என்பார்.

ஊர்க்காரர்கள் ஏன் கூட வரவில்லை என்று கேட்கலாம். பெரிய மடைக்கு ஆபத்தில்லை, அதனால் அவர்களுக்கு வலிக்கவில்லை. படகு வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் டீக்கடை வைக்கலாம் என்று ஆளுக்கொரு கணக்கு. நாலு வயல் காய்ந்தால் ஊர் காயாது என்று ஒருவர் ஆபீஸ் வராந்தாவிலேயே நின்று பேசினார்.

நான்கு பக்கத்தையும் அதிகாரி வாங்கிப் பார்த்து, நீலப் பென்சிலால் வெட்டித் தள்ளி, குழுவுக்கு அனுப்ப ஒரே வரிச் சாரமாக்கினார்: 'மேற்படி இடத்தில் மடை உள்ளதாக மனுதாரர் தெரிவிக்கிறார்.' அதை அடிக்க என்னிடம் கொடுத்தார். அன்று காலையிலிருந்து நான் வேறொரு விழாவுக்கான ஏற்பாடுகளை அடித்துக்கொண்டிருந்தேன். மேடை அமைப்பு, மேடை அலங்காரம், மேடையில் அமர்வோர், மேடைக்கு அழைக்கப்படாதோர் என்று ஒரே மேடை மயம். விரல் அதே ஓட்டத்தில் இருந்தது. 'ம'வுக்கு முன்னால் ஓர் இரட்டைக்கொம்பைத் தட்டிவிட்டேன். மேற்படி இடத்தில் மேடை உள்ளதாக மனுதாரர் தெரிவித்துவிட்டார்.

நான் பார்க்கவில்லை. சரி, என் தப்பு. ஆனால் என் தப்பின் கீழே நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேரும் அந்த இடத்தில் நின்றவர்கள். அது மடை என்று அந்த அக்கா வாய் வலிக்கச் சொன்னதைக் கேட்டவர்கள். ஒருவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டவருக்கு அது மேடைதானே, அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

அனுமதி ஆணை நகலெடுக்க என்னிடம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'மேற்படி இடத்தில் ஏற்கெனவே மேடை ஒன்று இருப்பதாகத் தெரிய வருவதால், அதனையே அஸ்திவாரமாகக் கொண்டு கான்கிரீட் போடலாம்' என்று இருந்தது. என் பழைய பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கொம்பு அங்கே உட்கார்ந்திருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்கு ஓடினேன்.

"சார், இது மடை சார். மேடைன்னு தப்பா அடிச்சிட்டேன். இதை வெச்சு மடையையே மூடப் போறாங்க."

அவர் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"மடையோ மேடையோ, கல்லு கல்லுதானம்மா. நாலு பேர் கையெழுத்தாகி மேல போய் வந்த ஃபைலு. இப்பத் திருத்தினா மறுபடி குழு கூடணும், மறுபடி கையெழுத்து, மறுபடி மேல போகணும். ஏன் தப்பாப் போச்சுன்னு கேட்டா யாரைக் காட்டச் சொல்றே?"

இரண்டு தாளையும் சேர்த்து மடித்து என் கையில் திணித்தார்.

"நாலு எழுத்துத் தட்டத் தெரிஞ்சா கொம்பு முளைச்சிடுமா? நீ இன்னும் தற்காலிகம்தானே? போய் நகலை எடு."

போய் நகலை எடுத்தேன். ஆறு பிரதி. கார்பன் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். அந்த நான்கு பேரைப் பற்றி எனக்கு எவ்வளவு இளக்காரம் உண்டோ, அந்த ஆறு பிரதியைச் சரிபார்த்த பெண்ணைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் அதிகம் உண்டு. வீட்டில் அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

ஆவணிக்குள் கட்டி முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் எந்த அரசுக் கட்டடமும் அவ்வளவு வேகமாக எழும்பியதை நான் கண்டதில்லை. மடைத் துவாரத்தில் ஜல்லியும் சிமெண்டும் இறங்கிற்று, மேலே வழவழவென்று தளம், கைப்பிடிக்கு நீலப் பெயிண்ட். திறப்பு விழாவுக்கும் நான்தான் அழைப்பிதழ் வாசகம் அடித்தேன். அதிலும் ஒரு மேடை இருந்தது. அந்த மேடையை மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

அந்த வருஷம் பார்த்து மழை நன்றாகப் பெய்து தொலைத்தது. கண்மாய் நிறைந்து தளும்பியது, அதோடு மழை நின்றும் போனது. அன்னப்பறவைத் தலை வைத்த நான்கு மிதிபடகுகள் வந்து இறங்கின. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் ஊழியர்களுக்கு இலவசச் சவாரி என்று ஒப்பந்தக்காரர் வண்டி அனுப்பினார். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் போனார்கள் என்பது ஒரு காரணமா? அன்றைக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

அன்னத்தின் வயிற்றில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போகும்போது கரை மேல் அந்த அக்காவைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. துறைக்குப் பக்கத்தில் இறங்கித் தண்ணீர் மொண்டு, கரையேறி, அந்தப் பக்கம் இறங்கி வயலில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார். ஒன்றேகால் ஏக்கர் நெல்லுக்குக் குடத்தில் தண்ணீர். கரைக்கு இந்தப் பக்கம் ஆள் முங்குகிற ஆழம் இருந்தது, அந்தப் பக்கம் பயிர் நுனி சிவந்து கொண்டிருந்தது. காக்கிச் சட்டை போட்ட காவலாள் விசில் ஊதினான்.

"ஏம்மா, படகுத்துறையில தண்ணி எடுக்கக் கூடாதுன்னு எம்புட்டு வாட்டி சொல்றது? வாரவங்க பாக்குறாங்கல்ல."

வந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக மிதித்தேன். அந்தப் படகு வேகமாகப் போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும்.

மடையைத் திறந்துவிட வேண்டும் என்று அடுத்த மனு வந்தது. இந்த முறை அரைப் பக்கம். அதற்குப் பதிலை அதிகாரி வாயாலேயே சொன்னார், நான் அடித்தேன்: 'மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் மடை ஏதும் இல்லை. மேடை ஒன்று இருந்ததாக மனுதாரரே முன்பு தெரிவித்துள்ளார். எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' கூடவே பழைய சாரத்தின் நகல் ஒன்றும் இணைப்பு. ஒரு பிழை இல்லை. அப்பா பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

தபாலுக்குக் காத்திராமல் அந்த அக்கா தை பிறந்ததும் நேரிலேயே வந்தார். நெல் கருகிவிட்டது, மாட்டுக்கு அறுத்துப் போட்டாயிற்று என்று, யாரோ வீட்டு விஷயம் போலச் சொன்னார். நான் பதிலை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு இணைப்பைப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"மேடையா? நான் மடைன்னுதான தாயி எழுதிக் குடுத்தேன்?"

தாளை என் மேசை மேல் வைத்து, கட்டைவிரலால் அந்தக் கொம்பை மட்டும் மறைத்தார். நகத்தடியில் இன்னும் வயல் மண் இருந்தது. விரலை எடுத்தார், மறுபடி மறைத்தார்.

"இந்தக் கொம்பு ஒண்ணுதேன் கூட இருக்கு. இது இல்லாட்டி எங்க மடைதான். அம்புட்டுத்தானா?" முகம் தெளிந்துவிட்டது அவருக்கு. வழி கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். "இதை அழிச்சுவிட ஒரு ரப்பர் இருக்காதா தாயி உங்க ஆபீஸ்ல?"

என் மேசை இழுப்பறை பாதி திறந்து கிடந்தது. டைப்பிஸ்டுகளுக்குத் தருகிற வட்ட ரப்பர், வாலில் பிரஷ் வைத்தது, புதிதாக இரண்டு அதில் இருந்தன.

"இல்லக்கா" என்றேன்.