எமகண்டத்துல ஒரு கச்சேரி

போன வருஷம் மே மாசம் நடந்தது இது. டெக்சாஸ்ல, ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் கோயிலத் தாண்டி தெக்கால முக்கா மணி நேரம் ஓட்டினா ஒரு குட்டி ஊரு வரும். ஒரு சிக்னல், ஒரு கேஸ் ஸ்டேஷன், மிச்சமெல்லாம் மாடு. அந்த ஊர்ல எங்க மாமா ஒரு பழைய பில்டிங்க வாங்கிப் போட்டாரு. மாமான்னா எங்கம்மாவோட தம்பி, கேட்டரிங் பண்றாரு. நம்மாளுங்க விசேஷத்துக்கு ஹால் வாடகை கொடுத்தே ஏழையாகறாங்க, நாமளே ஒரு மண்டபம் வச்சிட்டா என்னன்னு அவருக்குத் திடீர்னு ஞானம் வந்துடுச்சு.

நான் அவர்கிட்டதான் வேலை. காலேஜுக்கு ரெண்டு செமஸ்டர் போனேன். பார்க்கிங் எங்க கிடைக்கும்னு கத்துக்கிட்டேன், அதோட நிறுத்திட்டேன். மண்டபத்துல வேன் டிரைவர், பெயிண்டர், பிளம்பர், மேனேஜர் எல்லாம் நான்தான். மேனேஜர்ங்கறது நானே வச்சுக்கிட்ட பேரு.

ஒரு நாள் சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சிட்டிருக்கேன். கதவு தொறந்து ஒரு வெள்ளைக்காரம்மா உள்ள வராங்க. எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். வெள்ளைவெளேர்னு ஒரே பின்னல், இடுப்பு வரைக்கும். வந்தவங்க வாசல்லயே செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு வெறுங்கால்ல உள்ள வந்தாங்க. நான் பிரஷ்ஷோட அப்படியே நின்னுட்டேன். நம்ம ஆன்ட்டிங்களே இங்க வந்தா "ஷூ கழட்டணுமா?"ன்னு என்னமோ கிட்னி கேட்ட மாதிரி மூஞ்சிய வச்சுக்குவாங்க.

"செருப்பு போட்டுட்டே வரலாம்"னேன்.

"இல்லப்பா, இங்க அதுதான் ரூல்"னு சொன்னாங்க. (இங்கிலீஷ்லதான் சொன்னாங்க. நான் நம்ம வசதிக்கு மாத்திக்கறேன்.)

அப்பதான் தெரிஞ்சுது, இந்த பில்டிங் ஒரு காலத்துல பாட்டு கிளப்பாம். ஹிப்பிங்க காலத்துல. எனக்கு ஹிப்பின்னா ஒண்ணே ஒண்ணுதான் தெரியும்: நான் முடி வெட்டாம சுத்தும்போது எங்கம்மா திட்ற வார்த்தை. இந்தம்மா நிஜ ஹிப்பி. கிளப்புக்கு முன்னாடி இந்த பில்டிங் மாட்டுத் தீவனக் கடையா இருந்துச்சாம். இவங்களும் இவங்க ஃபிரெண்ட்ஸும் சேந்து, மூட்டையெல்லாம் காலி பண்ணி, ஒரு மேடை போட்டு, வாராவாரம் பாட்டு வச்சிருக்காங்க. நாற்காலி கிடையாது, எல்லாரும் தரையில. அதான் செருப்பு வெளில. பீர் கிடையாது, ஜாடியில டீ. சாப்பாடு, சோறும் பீன்ஸும். மாடு மேய்க்கிற ஊர்ல போய் சைவ ஹோட்டல் வச்சிருக்காங்க பாருங்க, எங்க மாமாவை மிஞ்சின ஆளுங்க! ஊர் போலீஸ் ஷெரீஃபு தினம் வந்து வாசல்ல நின்னு முறைப்பாராம். ரெண்டு மாசம் கழிச்சு அவரும் பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்துட்டாராம்.

"நீங்க பாடுவீங்களா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா சிரிச்சாங்க. மேல கை காட்டினாங்க. உத்தரத்துல ஒரு காப்பி டப்பா, துருப்பிடிச்சு, ஆணியில தொங்குது. நான் அத இத்தன நாளா எலிப்பொறின்னு நெனச்சுட்டிருந்தேன். அதுதான் அந்தக் காலத்து லைட்டாம். டப்பாக்குள்ள பல்பு, வாயில கலர் பேப்பர். இவங்க வேலை, பின்னாடி ஏணி மேல நின்னுக்கிட்டு பாட்டுக்குத் தகுந்த மாதிரி டப்பாவைத் திருப்பறது, பேப்பரை மாத்தறது. இவங்களும் ஒரு பாட்டு எழுதி வச்சிருந்தாங்களாம். "அடுத்த வாரம் நீ பாடு, இந்த வாரம் லைட்டுக்கு ஆள் இல்ல"ன்னு ஃபிரெண்ட்ஸ் ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்காங்க. சொன்னவங்களும் கெட்டவங்க இல்லையாம், நிஜமாவே ஆள் இல்லையாம். அப்படியே அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போய், ஒரு நாள் கிளப்பையே மூடிட்டாங்க.

"நான் அந்த மேடையில ஒரு தடவ கூட ஏறினதே இல்ல"ன்னாங்க. அழல ஒண்ணும் இல்ல. பல்லு வலிய டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி சாதாரணமாதான் சொன்னாங்க.

எனக்குதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்த மேடைக்கு நாள் குறிச்சாச்சு. மாமா அங்க பஃபே கவுன்டர் வைக்கப் போறாரு. வர்ற திங்கக்கிழம காலையில கான்ட்ராக்டர் வந்து பேத்து எடுக்கறதா பேச்சு. விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா போய் மேடைப் பலகையைக் கையால தடவிப் பாத்தாங்க. அப்புறம், "அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுப்பீங்களா? இங்க வாசிச்ச பேண்ட்ல இன்னும் மூணு பேரு உயிரோட இருக்காங்க"ன்னு கேட்டாங்க.

மாமாகிட்ட போனேன். அவரு கெட்டவரு இல்ல, சத்தமா பேசற நல்லவரு. "ஞாயித்துக்கிழம ரெண்டு மணிக்கு வரச் சொல்றா"ன்னுட்டாரு.

"அன்னிக்கு வளைகாப்பு இருக்கே மாமா?"

"இருந்தா என்ன? ஞாயித்துக்கிழம பன்னெண்டுக்கு எமகண்டம். எவனாவது அதைத் தாண்டி வளையல் போடுவானா? பன்னெண்டுக்குள்ள விசேஷம் முடிஞ்சுது. சாப்ட்டாங்களா, கெளம்பினாங்களா, ரெண்டு மணிக்கு ஹால் காலி."

எங்க மாமா இவ்வளவு நம்பிக்கையா பேசினா ஏதோ கோளாறு வரப் போகுதுன்னு அர்த்தம்.

ஞாயித்துக்கிழம வந்துச்சு. பத்தரைக்குன்னு போட்ட விசேஷத்துக்கு நம்ம ஜனங்க பன்னெண்டு அடிக்கும்போதுதான் பார்க்கிங்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்து "நாங்கதான் லேட்டோ?"ன்னு கேட்டுக்கறாங்க. வளைகாப்புப் பொண்ணே தலைக்குப் பூ தைக்க லேட்டாகி சுகர் லேண்ட்ல இருந்து அப்பதான் வந்து இறங்குது. பன்னெண்டு ஆயிடுச்சு. எமகண்டம். சரி, ஒன்றரை வரைக்கும் காத்திருப்போம்னு எல்லாரும் உக்காந்தாங்க.

இங்கதான் சிக்கல். பொண்ணோட மாமியார் சென்னையில இருந்து வந்திருந்தாங்க. சூட்கேஸ்ல ஊறுகாய் கொண்டு வரவங்களைப் பாத்திருக்கேன், இவங்க நாள்காட்டியே கொண்டு வந்திருந்தாங்க, தினம் ஒரு தாள் கிழிக்கறது. அதுல பன்னெண்டு டு ஒன்றரை. பொண்ணோட அம்மா இங்கயே இருபது வருஷமா இருக்கறவங்க. அவங்க ஃபோன்ல ஒரு ஆப் வச்சிருக்காங்க. அது ஹூஸ்டன் சூரியனைப் பாத்துச் சொல்லுமாம். அதுல ஒண்ணு இருபது டு மூணு.

"சம்பந்தி, சூரியன் அங்க வேற, இங்க வேற இல்லீங்களா?"ன்னாங்க ஆப் ஆன்ட்டி.

"எனக்குத் தெரிஞ்சு சூரியன் ஒண்ணுதாங்க"ன்னாங்க காலண்டர் ஆன்ட்டி.

ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டேதான் பேசறாங்க. சம்பந்திங்க அவ்வளவு சிரிச்சா ஆபத்து. கடைசியில ஒரு உடன்பாடு: ரெண்டு எமகண்டமும் முடியட்டும். அதாவது பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் ஒண்ணும் கிடையாது. மாமா என்னைப் பாத்தாரு, நான் சீலிங்கைப் பாத்தேன்.

டாண்ணு ரெண்டு மணி. வாசல்ல நாலு பேரு. ஹிப்பின்னா இஷ்டத்துக்கு வருவாங்கன்னு நெனச்சேன், நம்மாளுங்களைத் தவிர எல்லாரும் டயத்துக்கு வராங்க. அந்தம்மா முன்னாடி. பின்னாடி மூணு தாத்தா. ஒருத்தர் கையில கிடார், ஒருத்தர் பேஸ் கிடார், ஒருத்தர் ட்ரம்ஸைத் தள்ளுவண்டியில வச்சு இழுத்துட்டு வராரு, ரெண்டு காதுலயும் மெஷின். கிடார் தாத்தா கலிஃபோர்னியால மில்பிடாஸ்ல இருந்து காலையில ஃபிளைட்ல வந்திருக்காரு, சாயங்காலமே திரும்பணும். நாலு பேரும் செருப்பைக் கழட்டி, நம்ம ஆளுங்க செருப்புக் குவியலுக்குப் பக்கத்துல அழகா அடுக்கி வச்சாங்க.

உள்ள பாத்தா, மேடையில அலங்கார நாற்காலி, வாழை மரம், சீர்த்தட்டு. தரையில அறுபது பேரு பட்டுப்புடவையில கொட்டாவி விட்டுட்டிருக்காங்க.

அந்தம்மாவுக்கு ஒரே பார்வையில புரிஞ்சுடுச்சு. "பரவால்லப்பா"ன்னாங்க. "இன்னொரு நாள் வரோம்"னு சொல்ல வந்து, பாதியில நிறுத்திட்டாங்க. இன்னொரு நாள் இல்லைன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அந்த "பரவால்ல" இருக்கே, அத எத்தன வருஷமா சொல்லிப் பழகியிருந்தா அவ்வளவு நல்லா வரும்!

எனக்கு அன்னிக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, நேரா போய் வளைகாப்புப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். டப்பா, ஏணி, அடுத்த வாரம், திங்கக்கிழம கான்ட்ராக்டர், எல்லாம். அது ஏழு மாச வயித்தோட வெந்து போய் உக்காந்திருக்கு.

"அம்மா, மூணு மணி வரைக்கும் நான் சும்மாதானே உக்காந்திருக்கணும்? அவங்க பாடட்டுமே"ன்னுச்சு.

ஆப் ஆன்ட்டி பதறிட்டாங்க. "எமகண்டத்துலயாடி? அந்த மேடையிலயா? வளையல் போடப் போற எடத்துல?"

"அவங்களுக்கு ஏதும்மா எமகண்டம்?"

"எமகண்டம் எல்லாருக்கும் எமகண்டம்தான். விசா பாத்தா வரும்?"

அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன். ஏன்னா அடுத்தது காலண்டர் ஆன்ட்டி. கண்டிப்புல ஆப் ஆன்ட்டிக்கே அக்கா. அவங்க என்னைக் கூப்ட்டாங்க. "தம்பி, இங்க வா. அந்தம்மா பாட்டை எப்ப எழுதினாங்க?"

"அது இருக்கும் ஆன்ட்டி, அம்பது வருஷத்துக்கு மேல."

"அப்புறம் என்ன? எமகண்டத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிக்கத்தான் கூடாது. இது என்னிக்கோ ஆரம்பிச்சது. முடிக்காம கெடக்கு. முடிச்சுட்டுப் போகட்டும்."

ஆப் ஆன்ட்டி ஃபோனை எடுத்துப் பைக்குள்ள போட்டாங்க. சம்பந்தி சொன்னா அப்பீல் கிடையாது.

அதுக்கப்புறம் எனக்குக் கால் தரையில நிக்கல. நாற்காலியை நகத்தியாச்சு, ட்ரம்ஸை ஏத்தியாச்சு. அந்தம்மா மட்டும் மேடைக்குக் கீழயே நின்னு உத்தரத்தையே பாத்துட்டிருக்காங்க. "லைட்டுக்கு ஆள்?"ன்னாங்க, பழக்க தோஷத்துல.

"நான் இருக்கேன். நீங்க ஏறுங்க"ன்னேன்.

பெயிண்ட் அடிக்கற ஏணியைப் போட்டு ஏறினேன். எலிப்பொறிக்குள்ள, சாரி, டப்பாக்குள்ள ஒரு எல்.இ.டி. பல்பைச் சொருகினேன். கலர் பேப்பருக்கு எங்க போறது? சீர்த்தட்டுல ஆப்பிளைச் சுத்தியிருந்த செவப்பு கண்ணாடி பேப்பரை உருவிட்டேன். இன்னி வரைக்கும் அந்த வீட்டுல எலி கடிச்சதுன்னுதான் நெனச்சுட்டிருக்காங்க.

அந்தம்மா வெறுங்காலோட மேடையில ஏறினாங்க. ரெண்டே படி. ரெண்டாவது படியில கொஞ்ச நேரம் நின்னாங்க.

குரல் பிரமாதம்லாம் இல்ல, உண்மையைச் சொல்லணும்ல. கரகரன்னு இருந்துச்சு. பாட்டு, ஒரு பொண்ணு உசரத்துல நின்னுக்கிட்டு கீழ ஆடறவங்க தலையையெல்லாம் எண்ணிட்டிருக்கறதைப் பத்தி. நடுவுல ஒரு எடத்துல டக்குனு நின்னுட்டாங்க. மறந்துடுச்சு. கிடார் தாத்தா அதே எடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கறாரு. ஏணி மேல நான் டப்பாவைத் திருப்பாம அப்படியே பிடிச்சுட்டிருக்கேன்.

அப்ப கீழ இருந்து ஒரு சத்தம், சப், சப், சப்னு. காலண்டர் ஆன்ட்டி! தொடையில தாளம் போடறாங்க, கச்சேரிக்கு முன் வரிசையில உக்காந்த மாதிரி. பக்கத்துல இருந்த ஆன்ட்டிங்களும் சேந்துக்கிட்டாங்க. கண்ணாடி வளையலும் தங்க வளையலுமா ஹாலே கலகலன்னு ஆயிடுச்சு. காதுல மெஷின் வச்ச ட்ரம்ஸ் தாத்தா கொஞ்ச நேரம் முழிச்சாரு. அப்புறம் தன் தாளத்தை விட்டுட்டு ஆன்ட்டி கையைப் பாத்து வாசிக்க ஆரம்பிச்சாரு. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. சிரிச்சதுல வரி ஞாபகம் வந்துடுச்சு. பாட்டை முடிச்சாங்க. முழுசா.

முடிச்சு கண்ணை மூடி நிக்கறாங்க, எல்லாரும் கை தட்டறாங்க. அந்தம்மா கண்ணைத் தொறந்து நேரா ஏணியைப் பாத்து, "செவப்பு ஜாஸ்தி, அடுத்த பாட்டுக்குக் கொஞ்சம் கொறை"ன்னாங்க. ஆமா, அதுக்கப்புறம் இன்னும் மூணு பாட்டு! ஒரு தடவ ஏறினவங்க இறங்குவாங்களா?

மூணு மணிக்கு மேல வளைகாப்பு ஜோரா நடந்துச்சு. காலண்டர் ஆன்ட்டி அந்தம்மாவை விடல, உக்கார வச்சு ரெண்டு கைக்கும் பச்சை வளையல் அடுக்கிட்டாங்க. குழந்தை உள்ள உதைச்சுதுன்னு பொண்ணு சொல்லுச்சு. பாட்டுக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கென்னமோ புளியோதரைக்குன்னு தோணுது. மூணு தாத்தாவும் தரையில சம்மணம் போட்டு தேங்கா சாதத்தை ரெண்டு ரவுண்டு வாங்கினாங்க. கிடார் தாத்தாவை நான்தான் வேன்ல ஏர்போர்ட்டுக்குக் கொண்டு விட்டேன். வழியெல்லாம் மனுஷன் "அவளை அப்பவே பாட விட்டிருக்கணும்"னு சொல்லிட்டே வந்தாரு.

திங்கக்கிழம கான்ட்ராக்டர் வந்தான். மாமா அவனை வாசல்லயே நிறுத்தி, பஃபே கவுன்டரைப் பின்பக்கம் போடச் சொல்லி அனுப்பிட்டாரு. ஏன் மாமான்னு கேட்டா, "மேடை இல்லாத மண்டபத்துல எவன்டா விசேஷம் வைப்பான்? நான் மொதல்லயே சொன்னேன்ல?"ங்கறாரு. சொல்லவே இல்ல. போகட்டும், பெரிய மனுஷன்.

இப்ப ஒவ்வொரு விசேஷத்துக்கும் லைட்டு நான்தான், அந்த டப்பாவும் அங்கதான் தொங்குது. பந்தியில எலை எடுக்கறவனோ பாத்திரம் கழுவறவனோ "அண்ணே, நானும் ஒரு பாட்டு பாடட்டுமா?"ன்னு கேட்டா, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா"ன்னு வாய் வரைக்கும் வரும், உடனே அந்த ரெண்டாவது படியில நின்ன வெறுங்கால் ஞாபகத்துக்கு வந்துடும், பேசாம ஏணியைத் தூக்கிட்டுப் போய் லைட்டைப் போட்டுடுவேன்.