படுகளத்துப் புளிச்சோறு

புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் பிள்ளைகளுக்கு இதழியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. செய்தி எப்படிப் பிறக்கிறது, யார் அதை வடிகட்டுகிறார்கள், பார்க்கிற ஜனம் அதை என்ன செய்கிறது என்று வருஷம் முழுக்கப் போர்டில் படம் போட்டு அம்புக்குறி இழுப்பேன். செய்தி ஊசி மருந்து மாதிரி நேராக ரத்தத்தில் ஏறிவிடுகிறது என்று ஒரு பழைய கோட்பாடு உண்டு. அதெல்லாம் அந்தக் காலம், பார்வையாளர் ஒன்றும் மண்ணாந்தை இல்லை, யோசிப்பவர், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்பவர் என்று அதைத் திருத்தப் பின்னால் வந்த கோட்பாடு இன்னொன்று. இரண்டாவதை நடத்தும்போது எனக்குக் குரல் உயரும். பார்வையாளரை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன், பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொள்வார்கள். சாயங்காலம் கடலூர் பஸ் பிடித்து, கிருமாம்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் போவேன். தினமும் என் ஊர் ஜனத்தின் மூஞ்சியில் விழித்துக்கொண்டே அந்தக் கோட்பாட்டை இத்தனை வருஷம் எப்படி நம்பினேன் என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வீட்டில் நான், அண்ணன், அண்ணி மூன்று பேர். அண்ணன் லாரி ஓட்டுகிறான், வடக்கே போனால் வர நாளாகும். அண்ணி விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறவள். அவள் எங்கள் தெருக்காரி இல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், காலனியிலிருந்து அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள். காதுகுத்து, சீமந்தம், கருமாதி என்று எல்லார் வீட்டிலும் அவள் கையால் சாப்பிடுவார்கள், பாத்திரத்தை வழித்தும் சாப்பிடுவார்கள். கோயில் சோறு மட்டும் அவளிடம் வந்ததில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அந்த வருஷம் வழக்கமாகச் சமைக்கிறவருக்கு முழங்கால் போய்விட்டது, வேறு ஆளும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் அம்மன் கோயில் தீமிதிக்குப் புளிச்சோறு கிளறச் சொல்லி எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அண்ணி தலையை ஆட்டினாள். அன்றே போய்ப் புது நல்லெண்ணெய் வாங்கிவந்தாள்.

அவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் கேன்டீன் எடுத்து நடத்தப் பேசிவைத்திருந்தாள். அந்த மேனேஜர் ஒருமுறைக்கு இருமுறை எங்கள் வீட்டுக்கே வந்து சாப்பிட்டு, விரலை நக்கி, திருவிழா முடிந்ததும் ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர். கண்ட வீட்டில் அடுப்பு மூட்டிப் புகை குடித்தது போதும், ஒரே இடத்தில் நின்று சமைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

எங்கள் தீமிதியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் நெருப்பில் இறங்குவதற்கு முன்னால், காலையில் படுகளம். கோயில் திடலில் போரில் விழுந்த ராஜாவை மண்ணால் பெரிதாக மல்லாத்திச் செய்து வைத்திருப்பார்கள். கூத்தாடிகள் அதைச் சுற்றி ஓடி ஆடி முடித்ததும், ஊரில் அந்த உரிமை உள்ள சில குடும்பத்து ஆண்கள் அந்தப் போரில் செத்த பிள்ளைகளாகத் தரையில் விழுவார்கள். மேலே வெள்ளை வேட்டி போர்த்துவார்கள். பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைப்பார்கள். அப்புறம் பூசாரி வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலையால் அடித்து ஒவ்வொருவராக எழுப்புவார். எழுந்ததும் திடலே குலவை போடும். கூட்டத்துக்குப் புளிச்சோறு போடுவது அதன் பிறகுதான். விழுந்து எழுகிறவர்கள் மட்டும் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் விரதம், நெருப்பு மிதித்த பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூட. இது எங்கள் ஊரில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

அன்று காலையில் இதை ஒருவன் போனில் எடுத்திருக்கிறான். வில்லியனூரில் யூடியூப் சேனல் வைத்திருப்பவன். ஆண்கள் கிடக்கிறார்கள், பெண்கள் அலறுகிறார்கள், பூசாரி முகத்தில் தண்ணீர் அடிக்கிறார். அடுத்து அண்டா, அண்டாவுக்குப் பின்னால் வியர்த்த முகத்தோடு கரண்டியும் கையுமாக அண்ணி. அதோடு வீடியோ முடிந்தது. மேலே சிவப்பில், ‘கோயில் அன்னதானம் சாப்பிட்டவர்கள் மயக்கமா?’ என்று தலைப்பு.

மத்தியானத்துக்குள் அது ஊர் குரூப்புக்கு வந்துவிட்டது. செய்தி முதலில் ஊருக்கு நாலு பேர் மதிக்கிற ஆளிடம் போய், அவர் வழியாகத்தான் மற்றவர்களுக்கு இறங்கும் என்று வகுப்பில் நடத்துவேன். எங்கள் ஊரில் அந்த மதிப்புக்குரியவர் பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். திடலில் நின்று படுகளத்தை முழுசாகப் பார்த்தவர், புளிச்சோறு இரண்டு தரம் வாங்கித் தின்றவர், வீட்டுக்குப் போய்ப் போனைத் திறந்து ‘உஷார்’ என்று போட்டு அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மீதிச் சோற்றை வாய்க்காலில் கொட்டினார்கள். காலனி ஆளை அடுப்பண்டை விடாதீங்கன்னு அப்பவே சொன்னேன் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஆமாம் என்றார். உண்மை தெரிந்த மீதிப் பேர் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கும் ஒரு கோட்பாடு இருக்கிறது. தான் தனித்துப் போய்விடுவோமோ என்ற பயத்தில் மனிதர்கள் மௌனமாவார்கள் என்று நாகரிகமாக எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கோழைத்தனம் என்று பெயர்.

இதிலெல்லாம் உச்சம், படுகளத்தில் முதலில் விழுந்த கரும்புத் தோட்டக்காரர். வருஷாவருஷம் அவர் குடும்பத்து ஆள்தான் முதலில் விழுவது. அன்று காலையில் விழுந்தார், எழுந்தார், சாயங்காலம் கரகத்துக்குப் பின்னால் ஓடி நெருப்பை மிதித்தார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. வீட்டுக்குப் போய்ப் போனில் அந்த வீடியோவைப் பார்த்தார். பார்த்தவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பட்டினியும் வெயிலும்தான், வேறொன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும், இவர் அடம்பிடித்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டுதான் திரும்பினார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் ஒருவன் படம் எடுத்துப் போட்டான். இனி யார் என்ன சொன்னால் என்ன, செய்தி உண்மையாகிவிட்டது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். உறவுமுறையில் மாமா. கட்டிலில் சாய்ந்து, பிளாஸ்திரி ஒட்டின கையைத் தலையணை மேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நீங்க விரதமாச்சே. ஒரு பருக்கைகூட வாயில வைக்கலியே. அப்புறம் எப்படி?”

“துண்ணலதான். யாரு இல்லன்றது. அண்டா பக்கத்துலதான இருந்துச்சி, வாடை பட்டிருக்கும்ல.”

அங்கே கிடந்தபோது மயக்கமாக இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது, அதுதான் கொடுமை.

“அப்ப ஒண்ணும் தெரில. வீடியோவ பாக்கறப்பதான் தெரிஞ்சுது. எப்புடிக் கெடக்கறேன் பாரு.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. தன் வயிற்றைத் தன்னிடம் கேட்காமல் போனிடம் கேட்கிற ஜென்மம். இதைப் போய் யோசிக்கிற பார்வையாளர் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக வில்லியனூர் போனேன். செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை, சுவரில் பச்சைத் துணி, ஒரு வட்ட விளக்கு. அந்தச் சேனல்காரன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என்னிடம் படித்தவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன், இப்போது சட்டைப் பையில் சொந்தமாக அடித்துக்கொண்ட பிரஸ் கார்டோடு நின்றான். டீ சொல்லட்டுமா என்றான். வீடியோவை எடுக்கச் சொன்னேன். நான் உறுதியாக எதுவும் சொல்லவில்லையே மேடம், கேள்விதானே கேட்டிருக்கிறேன் என்றான். விழுந்தவர்கள் எழுந்து நின்றதை ஏன் வெட்டினாய் என்று கேட்டேன்.

“எழுந்துட்டா அது நியூஸ் இல்ல மேடம். வருஷா வருஷம்தான் எழுந்துக்கறாங்க, எவன் பாப்பான்? எத உள்ள விடணும், எத வெளிய நிறுத்தணும்னு நீங்கதான நடத்துனீங்க?”

அந்தப் பாடத்தில் அவன் நல்ல மார்க் வாங்கியதும் நினைவுக்கு வந்தது. எரிச்சலை அடக்கிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க இருந்த கேன்டீன் வேலை போய்விடும், ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அக்காவை அழைத்து வாருங்கள், ஒரு பேட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றான். கொஞ்சம் அழுதால் நன்றாகப் போகும் என்று சொன்னான். டீ வந்தது, நான் குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

கேன்டீன் மேனேஜர் அந்த வாரமே போன் செய்தார். தனக்குச் சந்தேகமே இல்லை, தான் சாப்பிட்டுப் பார்த்தவன், ஆனால் மேலே இருப்பவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள் என்றார். சோறு நல்ல சோறுதான் என்று ஊர்க்காரர்கள் யாராவது பேசின வீடியோ இருந்தால் அனுப்பச் சொன்னார்.

“வீடியோ இல்லீங்க சார். சோறு இருக்குது. மேல இருக்கறவங்கள இட்டுக்கினு வாங்க, எல போடறேன்” என்றாள் அண்ணி.

பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். வரவில்லை. நாக்கில் பட்ட ருசியை ஒரு கேள்விக்குறி வந்து துடைத்துக்கொண்டு போனது என்றால் அது என்ன நாக்கோ. அன்று அண்ணி அழுதாள். சத்தமாக இல்லை, வெங்காயம் உரித்தபடி, என் கண்ணில் படாதபடி. எனக்கு ஊரையே வாரிக் கொளுத்தலாம் என்றிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, கரும்புத் தோட்டக்காரர் பெண்டாட்டி எங்கள் தோட்டத்து வாசலுக்கு வந்து நின்றாள். புடவைத் தலைப்புக்குள் ஒரு தூக்கு. அவருக்கு எதுவும் இறங்கவில்லையாம், வாய் கசக்கிறதாம், புளிச்சோறு கேட்கிறாராம். அதுவும் அண்ணி கைச்சோறுதான் வேண்டுமாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். சோறு தருகிறேன், அவரை முன்வாசலுக்கு வரச்சொல்லுங்கள், தெரு பார்க்க உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று மரியாதையாகவே சொன்னாள். இலையை நறுக்கி, வாசலில் பலகையும் போட்டு வைத்தாள். வெயில் இறங்கும்வரை பலகை கிடந்தது. அவர் தெருக்கோடி வரை வந்து, டீக்கடைப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பசி இருந்தது, நாக்கு இருந்தது, முதுகெலும்புதான் இல்லை.

மறுநாளே அண்ணி தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். ஒரு மேஜை, ஒரு குடை, புளிச்சோறும் சுண்டலும். கடலூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் குரூப்பில் என்ன வந்தது என்று தெரியாது. வாசனை பிடித்து இறங்குகிறார்கள், தின்கிறார்கள், இன்னொரு பொட்டலம் கேட்கிறார்கள். கூட்டம் சேர்ந்தது. கல்லூரி போகும் வழியில் நானும் கொஞ்ச நேரம் நின்று பொட்டலம் மடித்துக் கொடுப்பேன்.

கூட்டம் சேர்ந்தால் அவன் வராமல் இருப்பானா? ஒரு காலையில் வந்து நின்றான், என் மாணவன், கையில் மைக், கூட ஒரு கேமராக்காரன். ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். ‘ஹைவே அக்கா புளிச்சோறு’ என்று போடப் போகிறானாம், அள்ளிக்கொண்டு போகுமாம். பழைய வீடியோ இவளைத்தான் காட்டியது என்பது அவனுக்கு நினைவில் இல்லையா, இருந்தும் கூச்சமில்லையா, தெரியவில்லை. இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். மைக்கை அண்ணி மூஞ்சிக்கு முன்னால் நீட்டி, ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா என்றான்.

அண்ணி அவனை நிதானமாகப் பார்த்தாள். ஒரு இலையை எடுத்துத் துடைத்து, சோறு வைத்து, மேஜை மேல் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“மொதல்ல துண்ணு. துண்ணுட்டு இங்கியே குந்து. அப்பறம் எழுந்து நில்லு. அத எடு. எழுந்துக்கறத மட்டும் வெட்டிடாத.”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், வகுப்பில் பதில் தெரியாதபோது பார்க்கிற அதே பார்வை. நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். நேரமாச்சுக்கா, இன்னொரு ஷூட் இருக்குது என்று முணுமுணுத்து, மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போனான். அண்ணி இலையைத் தன் பக்கம் இழுத்து, நின்றுகொண்டே அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள். அதற்குள் கடலூர் பஸ் வந்துவிட்டது.