தொட்டியைத் திறந்த மத்தியானம்

அக்கா இறந்துபோய் இருபது நாளாகிறது. பத்தொன்பது வருஷம் அவள் பார்த்த வேலையை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. "பிளாஸ்டிக் கம்பெனி" என்று முடித்துவிடுவோம். அது போதாது.

ஆலைக்குச் சோளத்தட்டையும் பழத்தோலும் லாரியில் வந்து இறங்கும். அரைத்து வேகவைத்து, அதன் சர்க்கரைநீரை எஃகுத் தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அக்கா ஊட்டுவாள். முதலில் எல்லாம் கொடுத்துப் பெருகவிடுவாள். பிறகு சர்க்கரையைத் தாராளமாக விட்டு, பெருகத் தேவையான தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மட்டும் நிறுத்திவிடுவாள். பெருக வழியில்லாத பாக்டீரியா, தின்ற சர்க்கரையை உடம்புக்குள் கொழுப்புபோலச் சேர்த்துவைக்கும். மண்ணில் மக்கும் பிளாஸ்டிக் அதுதான். வயிறு நிறையப் போட்டும் ஒன்றை மட்டும் ஒளித்துவைக்கிறாளே என்று ஆலையில் அவளுக்கு "மாமியார்" என்று பெயர்.

ஒரு வருஷம் ஆலை தள்ளாடியது. நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் நாற்றுத்தட்டு செய்ய இந்தப் பிளாஸ்டிக் தூள் இருபது கிலோ கேட்டிருந்தார். அது நடக்காவிட்டால் மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேர் பிழைப்பு அந்த ஒரு தொட்டியில் இருந்தது.

அந்தத் தொட்டிக்குச் சர்க்கரை ஊட்டும் கடைசி நாள் லாரி வரவில்லை. வழியில் பாலம் பழுது. காலையிலேயே சர்க்கரைநீர் தீர்ந்தது.

"சாயங்காலம் லாரி வந்துடும். ஒருவேளை பட்டினி கிடந்தா செத்தா போயிடும்?" என்றார் மேலாளர்.

"சாகாது சார். நமக்குச் சேர்த்து வச்சிருக்கறத எடுத்துத் தின்னும்."

"எவ்வளவு தின்னுடப் போகுது?"

"நம்ம ஆளுங்களுக்குச் சாப்பாடு அரைமணி லேட்டானா என்ன ஆகும்னு பார்த்திருக்கீங்கல்ல."

மெக்கானிக் சிரித்துவிட்டார். மேலாளர் சிரிக்கவில்லை. "இப்பத் திறந்தா இருபது வராதும்மா."

"வராது. சாயங்காலம் திறந்தா இதுவும் வராது."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் ஒரு ராத்திரி காத்திருந்து, விடிந்ததும் வெறும் நுரையை வடித்தவள் அவள். நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். பாக்டீரியாவுக்குள்ளே பிளாஸ்டிக் மணிகள் இன்னும் பளிச்சென்று இருந்தன. மேலாளர் முதலாளிக்குப் போன் போடப் போன நேரத்தில் அடிவால்வைத் திறந்துவிட்டாள்.

பிரித்துக் காயவைத்ததில் பதிமூன்று கிலோ வந்தது. நாற்றுப்பண்ணைக்காரரிடம் அவளே பையை நீட்டினாள். "கேட்டது இல்ல. பதிமூணுதான். பாதியில திறந்தது நான்தான்."

அவர் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். "எத்தனை தட்டு வரும்?"

"அறுபது."

"நட்டுப் பார்க்கறேன். மக்கலன்னா உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து கொட்டுவேன்."

"கொட்டுங்க. பின்னாடி தோட்டம் இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தம்பி, தட்டுல நீயே போட்டுக் கொண்டா." என்றாள்.

நாலாம் மாதம் பண்ணைக்காரர் வெறுங்கையோடு வந்தார். தட்டுகள் மண்ணோடு மக்கிப்போய்விட்டன, இன்னும் முந்நூறு தட்டுக்குத் தூள் வேண்டும் என்றார். ஆலை இன்றும் ஓடுகிறது.